தரங்கம்பாடியில் ஒரு மாணவர்: சீகன்பால்குவின் அன்றாட வாழ்வும் தமிழ் ஆசிரியர்களும் (1706–1719)

ஆய்வுச் சுருக்கம்

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, இந்தியாவுக்கு வந்த முதல் சீர்திருத்தத் திருச்சபை மறைப்பணியாளர்களுள் ஒருவர். அவரது அச்சுப்பணி, விவிலிய மொழிபெயர்ப்பு, இலக்கணப்பணி ஆகியன குறித்துத் தமிழில் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அயல்நாட்டில் ஓர் இளைஞராக அவர் தம் நாள்களை எவ்வாறு கழித்தார், அந்நாட்டுக்குத் தம்மை எவ்வாறு பழக்கிக்கொண்டார் என்னும் பொருள் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. அவர் எழுதிய கடிதங்கள், நூற்பட்டியல், அவர் காலத்தில் திரட்டப்பெற்ற தமிழர் கடிதங்கள் ஆகியவற்றில் காணப்படும் செய்திகளின் வழியே அவ்வன்றாட வாழ்வை இக்கட்டுரை விளக்குகிறது. கற்பிக்க வந்தவர் மாணவராக மாறியதே அவரது பழகுதலின் அடிப்படை என்பதும், அம்மாற்றத்தை இயலச்செய்தவர்கள் காவிரிப் படுகையைச் சார்ந்த தமிழ் ஆசிரியர்களே என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: சீகன்பால்கு, தரங்கம்பாடி, அன்றாட வாழ்வு, திண்ணைப் பள்ளி, அழகப்பன், ஓலைச்சுவடி, காவிரிப் படுகை.

முன்னுரை

அயல்நாட்டுக்குச் செல்லும் இளம் மறைப்பணியாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளாக வெப்பம், உணவு, நோய், தனிமை ஆகியவற்றை வாழ்க்கை வரலாற்று நூல்கள் வழக்கமாக எடுத்துரைக்கும். அவற்றைத் தாங்கிக்கொண்ட பொறுமையே அவருடைய சிறப்பாகக் காட்டப்படும். இப்பார்வையில் அயல்நாடு ஒரு சோதனைக் களமாக நிற்கிறது. அந்நாட்டு மக்கள் பின்னணியாகிவிடுகின்றனர். சீகன்பால்குவைப் பற்றிய எழுத்துகள் பலவும் இவ்வழியிலேயே சென்றுள்ளன.

ஆயினும், சீகன்பால்கு தாமே விட்டுச்சென்ற சான்றுகளை நோக்கின் வேறொரு காட்சி புலப்படுகிறது. அவர் தம் பொழுதின் பெரும்பகுதியைத் தமிழர் சிலரின் அருகே அமர்ந்து கற்பதிலேயே செலவிட்டார். அவர்கள் படித்துக் காட்டினர், பொருள் விளக்கினர், பிழை திருத்தினர், சுவடி தேடிக் கொணர்ந்தனர். எனவே, ‘அவர் எவ்வாறு பழகிக்கொண்டார்?’ என்னும் வினாவோடு, ‘அவரைப் பழக்கியவர் யாவர்?’ என்னும் வினாவையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் காலமும்

தரங்கம்பாடி, காவிரிப் படுகை கடலைத் தொடும் இடத்தில் அமைந்த ஊர். 1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு நாட்டினருக்கு இவ்வூரில் வணிகம் செய்ய உரிமை அளித்தார். அவ்வுரிமையின் பேரில் டேனியர் டான்சுபோர்க் கோட்டையை எழுப்பினர். நாயக்கர் ஆட்சி மறைந்து மராட்டியர் ஆட்சி தஞ்சையில் நிலைபெற்ற பின்னரும், ஊருக்கான ஆண்டுத் தொகையை டேனியர் தஞ்சை அரசுக்குச் செலுத்தி வந்தனர். சீகன்பால்கு வந்தபோது தஞ்சையை ஆண்டவர் சகசி மன்னர் (1684–1712).

இவ்வரசியல் நிலை அன்றாட வாழ்வைப் பெரிதும் பாதித்தது. டேனியரின் அதிகாரம் தரங்கம்பாடியிலும் அதனைச் சூழ்ந்த சில சிற்றூர்களிலும் மட்டுமே செல்லும். அதற்கப்பால் தஞ்சை அரசின் நிலம். கும்பகோணம், வலங்கைமான், மன்னார்குடி என ஆறுகளையும் வாய்க்கால்களையும் பற்றிச் செல்லும் நெல்விளையும் நாடு முழுவதும் அயல்நாட்டவர் விரும்பியபடி நுழைய இயலாத பகுதியாக இருந்தது. குடமுருட்டி ஆற்றங்கரையிலுள்ள வலங்கைமான் தரங்கம்பாடியிலிருந்து இரண்டு மூன்று நாள் நடைத்தொலைவே. எனினும் சீகன்பால்குவின் வாழ்வில் அத்தகைய உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் சுவடிகளின் வழியாகவும் வந்துபோவோர் வாய்மொழியாகவுமே அறியப்பட்டன. கோயில்களும் மடங்களும் புலவர் குடிகளும் நிறைந்த நாட்டின் விளிம்பில், கடலோரச் சிற்றூர் ஒன்றிலேயே அவரது பழகுதல் நிகழ்ந்தது.

வந்திறங்கிய முதல் மாதங்கள்

சீகன்பால்கு 1682-இல் செருமானிய நாட்டுச் சாக்சனிப் பகுதியின் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர், உடல்நலம் குன்றியவர். ஆலே நகரில் ஆகசுடு எர்மன் பிராங்கேயிடம் பயின்றவர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு இந்தியாவிலுள்ள தம் குடியேற்றத்துக்கு மறைப்பணியாளரை அனுப்ப விரும்பியபோது, சீகன்பால்குவும் அவரினும் மூத்தவரான ஐன்ரிக்கு புளூட்சோவும் தெரிவு செய்யப்பெற்றனர். 1705 நவம்பரில் ‘சோபியா எட்விக்’ என்னும் கப்பலில் கோபன்கேகனிலிருந்து புறப்பட்ட இருவரும், நன்னம்பிக்கை முனை வழியாக ஏழு திங்களுக்கு மேல் கடற்பயணம் செய்து, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தனர். அப்போது சீகன்பால்குவுக்கு வயது ஏறத்தாழ 24.

அவர்கள் எதிர்கொண்ட முதல் இடர்ப்பாடு தமிழரிடமிருந்து வந்ததன்று. டேனியக் குடியேற்றத்தின் ஆளுநர் ஆசியசு அவர்களை விருப்பத்தோடு வரவேற்கவில்லை. வணிகக் குழுவுக்கு மறைப்பணி ஓர் இடையூறாகத் தோன்றியது. மன்னர் அனுப்பியவர் என்பதால் திருப்பி அனுப்பவும் இயலவில்லை. வணிகத்துக்குத் தீங்காகலாம் என்பதால் ஆதரிக்கவும் மனமில்லை. ஆகவே, ஐரோப்பியர் குடியிருப்பிலேயே இவ்விருவரும் வேண்டாத விருந்தினராக இருந்தனர்.

அடுத்து மொழி. அக்காலத்தில் சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்களில் வணிகத்துக்கும் வீட்டுப் பணிக்கும் ஒருவகைக் கலப்புப் போர்த்துக்கீசிய மொழி வழங்கியது. ஐரோப்பியர் பலர் அதனைக் கொண்டே காலங்கழித்தனர். தமிழ் கற்க வேண்டிய தேவை அவர்களுக்கு நேரவில்லை. இரு மறைப்பணியாளரும் பணியைப் பகிர்ந்துகொண்டனர். புளூட்சோ போர்த்துக்கீசியத்தில் கருத்தூன்றினார். சீகன்பால்கு தமிழை மேற்கொண்டார். கடிதுணர் மொழி என்று ஐரோப்பியர் கருதிய ஒன்றை அவர் ஏற்றுக்கொண்ட இம்முடிவே அவரது பின்னைய வாழ்வின் போக்கைத் தீர்மானித்தது.

மணலில் எழுதிய எழுத்து

தமிழ் கற்பதற்கு அச்சிட்ட இலக்கண நூலோ அகராதியோ சீகன்பால்குவுக்குக் கிடைக்கவில்லை. 1578-இலேயே அண்டிரிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழில் அச்சாகியிருந்த போதிலும், அம்மரபு இடையில் அற்றுப்போயிருந்தது. எனவே, ஊரில் சிறார் எவ்வாறு கற்றனரோ அவ்வாறே கற்பதொன்றே வழியாயிற்று.

எழுபது வயதை எட்டிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுடன் மறைப்பணியாளரின் இல்லத்திலேயே பள்ளியை நடத்த இசைந்தார். சீகன்பால்கு அச்சிறாருடன் தரையில் அமர்ந்து எழுத்துகளைப் பயின்றார். திண்ணைப் பள்ளியில் கல்வி மணலில் தொடங்கும். பரப்பிய மணலில் ஆசிரியர் எழுத்தின் வடிவை விரலால் வரைவார். மாணவர் அதன்மேல் தம் விரலை ஓட்டியவாறே ஒலியை உரக்கச் சொல்வர். கை, கண், வாய், செவி ஆகிய நான்கும் ஒருசேர இயங்கும் இம்முறையில் எழுத்தும் ஒலியும் பிரிவதில்லை. மணலில் கை தேர்ந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் மாணவர் கைக்கு வரும்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் எபிரேயமும் கண்ட ஒருவர், ஐந்து ஆறு வயதுச் சிறாரின் வரிசையில் அமர்தல் எளிதன்று. தரங்கம்பாடியிலிருந்த பிற ஐரோப்பியர் இதனை இழிவாகவே கருதியிருத்தல் கூடும். ஆயினும் இவ்வமர்வில் மொழிக்கு அப்பாற்பட்ட ஒரு பயிற்சியும் இருந்தது. ஆசிரியரின் முன் எவ்வாறு இருத்தல் வேண்டும், பாடத்தை மனப்பாடம் செய்து எவ்வாறு ஒப்பித்தல் வேண்டும் என்பன போன்ற தமிழ்க் கல்வி மரபின் ஒழுகலாறுகளையும் அவர் இங்கேயே கண்டறிந்தார்.

எழுத்தறிவு மட்டும் போதாமையால், பொருள் விளக்க வல்ல ஒருவரும் தேவைப்பட்டார். அவ்விடத்தை நிரப்பியவர் அழகப்பன். டேனிய வணிகக் குழுவில் துபாசியாகப் பணியாற்றிய இவர் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்தவர். வயதிலும் உலகியலறிவிலும் சீகன்பால்குவைவிட மூத்தவர். இவருடைய துணையால் எட்டுத் திங்களுக்குள் தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும் பிறர் பேச்சை விளங்கிக்கொள்ளவும் தம்மால் இயன்றதாகச் சீகன்பால்கு எழுதியுள்ளார்.

ஒரு நாளின் நேரப்பகுப்பு

சீகன்பால்குவின் அன்றாட வாழ்வை அறிய உதவும் சிறந்த சான்று, 1708 ஆகசுடு 22 அன்று அவர் எழுதிய கடிதமாகும். தம் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை மணிக்கணக்கில் அதில் விவரித்துள்ளார். அதன் சாரம் வருமாறு:

காலை 7 முதல் 8 மணி வரை, தாம் முன்னர்க் கற்று எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் நினைவுபடுத்திக்கொள்வார். 8 முதல் நண்பகல் 12 வரை, முன்பு படித்திராத தமிழ் நூல்களை மட்டும் படிப்பார். அப்போது முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். செய்யுள் கடினமாக இருப்பின் புலவர் அதனைப் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்வார். புதிய சொல்லும் வழக்கும் தோன்றுந்தோறும் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். உண்ணும் நேரத்திலும் ஒருவர் அருகிலிருந்து படித்துக் காட்டுவார். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ் நூல்கள். இரவு 7 முதல் 8 வரை, கண்களுக்கு ஓய்வு தரும் பொருட்டுப் பிறர் படிக்கக் கேட்பார். பேச்சிலும் எழுத்திலும் தாம் பின்பற்றத்தக்க நடையுடைய நூல்களையே இதற்கெனத் தெரிந்தெடுத்தார்.

இந்நேரப்பகுப்பில் மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, காலை நான்கு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமுமாக ஏழு மணி நேரம் தமிழ் நூல்களுடனேயே கழிந்தது. காலைச் சொற்பயிற்சியையும் சேர்த்தால் எட்டு மணி நேரமாகும். வந்து இரண்டு ஆண்டுகள் கடந்து, ஓரளவு மொழித்தேர்ச்சியும் பெற்ற பின்னரும் இதுவே அவரது ஒழுங்கு. கற்றலைப் பணிக்கு முன்னுரையாக அவர் கொள்ளவில்லை. கற்றலே அவருடைய அன்றாடப் பணியாக இருந்தது.

இரண்டாவது, அவர் தனித்துப் படிக்கவில்லை. தமிழ்ப் பாடம் கேட்கும் மரபில், நூல் என்பது ஏட்டில் மட்டும் உள்ளதன்று. ஓலைச்சுவடியில் புள்ளியும் சொற்பிரிப்பும் பெரும்பாலும் இராமையால், வாய்விட்டுப் படிப்பவரும் உரை சொல்பவரும் இன்றிப் பொருள் விளங்காது. ஆகவே, புலவரும் எழுத்தரும் அவருக்கு வாய்த்த உதவியாளர்கள் மட்டுமல்லர். அவர்கள் இன்றி அந்நூல்கள் அவருக்குத் திறந்திருக்கமாட்டா.

மூன்றாவது, அவர் செவியால் கற்றார். உணவு வேளையிலும் இரவிலும் கேட்டதன் வழியே, தமிழ்த் தொடரின் ஓட்டம் அவர் நினைவில் படிந்தது. அன்றாடம் எழுத்தர் குறித்த சொற்களின் தொகுப்பு 1708-க்குள் 20,000 சொற்களை எட்டியது. பின்னர் அது 40,000 வரை வளர்ந்தது. செய்யுள் வழக்குக்கெனத் தனி அகராதி ஒன்றும் தொகுக்கப்பெற்றது.

சுவடி தேடிய வழி

படிக்கும் பழக்கம் நிலைபெற்றதும் நூல் தேவை மிகுந்தது. உள்நாட்டுக்குத் தாம் செல்ல இயலாத நிலையில், சீகன்பால்கு தம்மிடம் ஊதியம் பெற்ற எழுத்தர்களைப் பல நாள் வழியிலுள்ள ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் மறைந்த அறிஞர்களின் மனைவியரிடமிருந்து சுவடிகளை விலைக்குப் பெற்றனர். விற்க விரும்பாதாரிடம் படியெடுத்து வந்தனர். கற்றவர் மறைந்தபின் பயிலுவாரின்றி வீட்டு மச்சில் கிடந்த ஏடுகள், ஓர் அயல்நாட்டவரின் தேவையால் கடற்கரைக்கு வந்துசேர்ந்தன.

இவ்வாறு திரட்டிய நூல்களுக்கு 1708-இல் அவர் செருமானிய மொழியில் ஒரு விளக்கப் பட்டியல் வரைந்தார். ‘பிப்ளியோதேக்கா மலபாரிக்கா’ என்னும் அப்பட்டியலில் சைவ, வைணவ, சமண நூல்கள் அடங்கிய பகுதி மட்டும் 119 பதிவுகளைக் கொண்டது. கத்தோலிக்க நூல்களும் இசுலாமிய நூல்களும் தனித்தனிப் பகுதிகளாக உள்ளன. அக்கால ஐரோப்பியர் தமிழை ‘மலபார்’ மொழி என்றழைத்தமையால் இப்பெயர் அமைந்தது. திருக்குறள் முதலிய அறநூல்களும் புராணங்களும் சிறார் பயிலும் நீதிநூல்களும் இதில் இடம்பெற்றுள்ளன. வில் சுவீட்மனும் இர. இலக்குவனும் 2012-இல் இப்பட்டியலை விரிவான ஆய்வுடன் வெளியிட்டுள்ளனர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகையில் எந்நூல்கள் வழக்கில் இருந்தன என்பதற்கு இஃது அரிய சான்றாகும்.

அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவர் செருமானிய மொழியில் பெயர்த்தார். திண்ணைப் பள்ளிச் சிறார் பயிலும் நூல்களிலிருந்தே இம்மொழிபெயர்ப்பு தொடங்கியமை அவருடைய கல்வி வந்த வழியைக் காட்டுகிறது.

நூல்களைப் பயிலப் பயில அவருடைய எண்ணமும் மாறியது. இந்நாட்டு மக்கள் கல்வியும் ஒழுக்கமுமற்றவர் என ஐரோப்பாவில் பரவியிருந்த கருத்தைத் தாமும் கொண்டு வந்ததாகவும், மொழியறிந்து நூல் கற்ற பின்னரே அது தவறெனத் தெளிந்ததாகவும் அவர் வெளிப்படையாக எழுதினார். மொழியறியாமையே இத்தவற்றுக்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு.

தம்மவரிடையே அயலாராதல்

தமிழரிடையே நெருக்கம் வளர வளர, ஐரோப்பியரிடையே விலகலும் வளர்ந்தது. இறந்துபோன கணவரின் கடன் தொடர்பான வழக்கொன்றில் தமிழ்க் கைம்பெண் ஒருவருக்காகச் சீகன்பால்கு பரிந்து நின்றார். ஆளுநர் ஆசியசு இதனைத் தம் அதிகாரத்தை மீறிய செயலாகக் கொண்டார். 1708 நவம்பரில் சீகன்பால்கு டான்சுபோர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார்; 1709 மார்ச்சு வரை, நான்கு திங்கள் அங்கிருந்தார். தொடக்கத்தில் எழுதுகோலும் மையும்கூட மறுக்கப்பட்டன.

1708 அக்டோபரில்தான் அவர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். ஒரே மாதத்தில் நேர்ந்த சிறைவாசத்தால் அப்பணியும், புலவரும் எழுத்தரும் சூழ்ந்த அன்றாட ஒழுங்கும் முறிந்தன. அயல்நாட்டு வாழ்வில் அவருக்கு நேர்ந்த மிகக் கடுமையான துன்பம் அவர் சார்ந்த மன்னரின் அலுவலரிடமிருந்தே வந்தது என்பது எண்ணத்தக்கது. விடுதலைக்குப் பின் தொடர்ந்த மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சு 31 அன்று நிறைவெய்தியது.

ஊரார் பார்வையில் அயலார்

பழகுதல் என்பது இருபாலும் நிகழ்வது. வந்தவர் ஊரை நோக்குவது போன்றே ஊரும் வந்தவரை நோக்கும். அந்நோக்கு எழுத்தில் பதிவானது இங்குக் கிடைத்த அரிய வாய்ப்பாகும். 1709-இல் வந்துசேர்ந்த யோகான் எர்னசுடு கிரூண்ட்லரும் சீகன்பால்குவும் சமயம், வாழ்வியல், கல்வி, மருத்துவம் முதலியன குறித்த வினாக்களைத் தமிழருக்கு அனுப்பி விடைகளைக் கடிதமாகப் பெற்றனர். 1712 முதல் 1714 வரை பெறப்பட்ட அவற்றுள் 99 கடிதங்கள் செருமானிய மொழிபெயர்ப்பில் ஆலே அறிக்கைகளில் வெளியாயின. இவற்றுள் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்பது ஆய்வாளர் கருத்து.

ஐரோப்பியரின் சமயம் ஏன் மதிக்கப்படவில்லை என்னும் வினாவுக்கு வந்த விடைகளில் கோட்பாட்டு மறுப்பைவிட அன்றாடப் பழக்கங்களே முன்னிற்கின்றன. ஆவின் ஊன் உண்ணல், மது அருந்தல், உடல் தூய்மை பேணாமை, வீட்டினுள் உமிழ்தல் ஆகியன சுட்டப்படுகின்றன. காலைக் கடன் முடித்துக் கால் கழுவி நீராடி நெற்றிக்கு அணிந்து நாளைத் தொடங்கும் ஊராரின் கண்ணுக்கு, நூலில் உள்ள அறத்துக்கும் வாழ்வில் உள்ள ஒழுகலாற்றுக்கும் இடையிலான இடைவெளி எளிதில் புலப்பட்டது. நற்செய்தி கூற வந்தவர் தம் உணவாலும் நடையாலும் முதலில் மதிப்பிடப்பட்டார். இக்கண்டனங்களை மறைக்காமல் மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பியமை அம்மறைப்பணியாளரின் நேர்மைக்குச் சான்று.

பழகுதலின் எல்லைகள்

சீகன்பால்குவின் பழகுதலுக்கு எல்லைகளும் இருந்தன. முதலாவது எல்லை நிலத்தது. 1709-இல் தமிழர் உடையணிந்து அவர் தஞ்சை அரசின் பகுதிக்குள் சென்றார். ஆயினும், பிடிபடக்கூடும் என்னும் எச்சரிக்கையால் தலைநகரை அடையாமலே திரும்பினார். உடையை மாற்றிக்கொள்ள இயன்றது. எல்லையைக் கடக்க இயலவில்லை. மதுரையில் 1606 முதல் பணியாற்றிய இராபர்ட்டு தெ நொபிலி உணவு, உடை, உறையுள் அனைத்தையும் துறவியர் முறைக்கு மாற்றிக்கொண்டதோடு இதனை ஒப்பிடலாம். நொபிலியின் பழகுதல் தோற்றத்திலிருந்து தொடங்கியது. சீகன்பால்குவினது செவியிலிருந்து தொடங்கியது.

இரண்டாவது எல்லை உள்ளத்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலில் சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களோடு மாரியம்மன், எல்லையம்மன், அங்காளம்மன், பிடாரி, ஐயனார் முதலிய ஊர்த்தெய்வங்களும் விரிவாகப் பேசப்படுகின்றன. அம்மை நோய்க்கும் மாரியம்மனுக்கும் உள்ள தொடர்பு இப்படுகை மக்களின் வாழ்வில் ஆழமானது. வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் நோயிலிருந்து மீண்டோர் பங்குனியில் பாடைக் காவடி எடுக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. இத்தகைய வழிபாட்டின் பொருளை மக்கள் வாயிலாகவே கேட்டு எழுதிய சீகன்பால்கு, அதே வேளையில் அதனைப் பொய்ச் சமயம் என்றே மதிப்பிட்டார். புரிந்துகொள்ளுதலும் ஏற்றுக்கொள்ளுதலும் அவரிடம் வேறுவேறாகவே நின்றன.

இந்த அளவு புரிதலையும் அவரை அனுப்பியவர்கள் விரும்பவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதனை ஐரோப்பாவில் பரப்புதல் ஆகாது என்னும் கருத்தில் பிராங்கே அந்நூலை அச்சிட மறுத்தார். அது 1867-இல்தான் சென்னையில் செருமானிய மொழியில் வெளிவந்தது. தரங்கம்பாடியில் அவர் கற்றவை அனைத்தையும் ஏற்கும் இடம் ஆலேயில் இல்லை.

பேச்சுத் தமிழின் தடம்

அன்றாடப் பழக்கத்தின் விளைவை அவர் எழுதிய தமிழிலேயே காணலாம். இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஆலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்தபின், 1713-இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு தொடங்கியது. நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணியும் அடங்கிய தொகுதி 1714-இல் ‘அஞ்சு வேத பொஸ்த்தகம்’ என்னும் தலைப்புடன் வெளிவந்தது. புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதி 1715-இல் நிறைவுற்றது. ‘ஐந்து’ என்னாது ‘அஞ்சு’ என்றும், ‘புத்தகம்’ என்னாது ‘பொஸ்த்தகம்’ என்றும் அமைந்த இத்தலைப்பைப் பிற்காலப் புலமையாளர் பிழையாகக் கண்டனர். எனினும், அது தரங்கம்பாடித் தெருவில் கேட்ட தமிழ். உண்ணும்போதும் இரவிலும் படித்துக் காட்டியவரின் குரலும், சிறாரின் பேச்சும், துபாசியின் வழக்கும் அதில் படிந்துள்ளன. கிறித்தவச் சொற்கள் பலவற்றுக்கு அவர் தமக்கு முந்திய கத்தோலிக்கத் தமிழ் நூல்களுக்குக் கடமைப்பட்டிருந்தார்.

1714-இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். கப்பலிலும் தமிழ்ப்பேச்சு அறாதிருக்க இஃது உதவியது. இலத்தீன் மொழியில் அமைந்த அவரது தமிழ் இலக்கணம் 1716-இல் ஆலேயில் அச்சானது. அந்நூலும் செய்யுள் தமிழைவிட மக்கள் வழங்கும் தமிழையே முதன்மையாக விளக்குகிறது. இங்கு ஒரு தலைகீழ் நிலையைக் காணலாம்: தரங்கம்பாடியில் சீகன்பால்கு அயலார், ஆலேயிலும் கோபன்கேகனிலும் மலையப்பன் அயலார். முன்னவரின் கடிதங்கள் காக்கப்பட்ட அளவுக்குப் பின்னவரின் அனுபவம் பதிவு பெறவில்லை.

ஆசிரியர்கள் செலுத்திய விலை

சீகன்பால்குவின் கல்விக்குத் துணைநின்றோர் அதற்கெனத் துன்பமும் ஏற்றனர். அழகப்பன் தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டார். தஞ்சை அரசின் பகுதியில் சிறைத்துன்பமும் அடைந்தார். பின்னரே மீண்டும் மறைப்பணியாளருக்கு உதவ இயன்றது. திண்ணைப் பள்ளி ஆசிரியரின் மகனான கணபதி வாத்தியார் 1709-இல் கிறித்தவ சமயம் தழுவியபோது பெற்றோரும் ஊராரும் கடுமையாக எதிர்த்தனர். சிறாரோடு ஓர் அயல்நாட்டவரையும் அமர்த்திக் கற்பித்த முதியவர், தம் மகனையே அதனால் இழந்ததாக உணர்ந்திருத்தல் இயல்பே. அயலார் ஒருவரின் கல்வி ஒரு குடும்பத்தின் பிளவாகவும் முடிந்தது.

வரலாற்றில் பெயர் பெறும் அளவும் ஒன்றுபோல் இல்லை. அழகப்பனின் பெயரும் கணபதி வாத்தியாரின் பெயரும் எஞ்சின. மணலில் எழுத்தறிவித்த முதியவர், செய்யுளைப் பேச்சுத் தமிழில் மாற்றித் தந்த புலவர், 40,000 சொற்களைக் குறித்த எழுத்தர்கள், பல நாள் நடந்து சுவடி கொணர்ந்தோர், அவற்றை விற்ற கைம்பெண்கள் ஆகியோர் தொழிலால் மட்டுமே குறிக்கப்படுகின்றனர். ‘சீகன்பால்குவின் அகராதி’, ‘சீகன்பால்குவின் நூலகம்’ என்று வழங்கும் தொடர்களுக்குள் இவர்தம் உழைப்பு அடங்கியுள்ளது.

முடிவுரை

ஐரோப்பாவில் மணம் முடித்து 1716-இல் மனைவி மரியா தொரோத்தேயாவுடன் தரங்கம்பாடிக்குத் திரும்பிய சீகன்பால்கு, 1719 பிப்ரவரி 23 அன்று தம் 36-ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில் அருட்பொழிவு பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய வழக்கம் அவரோடு முடியவில்லை. அவருக்குப் பின் தரங்கம்பாடிக்கு வந்தோர் தமிழ் கற்றலையே முதற்கடமையாகக் கொண்டனர். 1750-இல் வந்த சுவார்ட்சு, சீகன்பால்கு அடைய முடியாத தஞ்சை நகரிலேயே பின்னாளில் நிலைத்துப் பணியாற்றினார்.

மேற்கண்ட சான்றுகளால் பின்வருவன பெறப்படுகின்றன. சீகன்பால்குவின் அயல்நாட்டு வாழ்வில் மிகுதியான நேரம் தமிழ் நூல் கற்பதிலேயே கழிந்தது. அக்கல்வி தமிழரின் திண்ணைப் பள்ளி முறையிலும் பாடங்கேட்டல் முறையிலும் அமைந்தது. ஐரோப்பியக் கல்வி முறையில் அமைந்ததன்று. அதன் வழியே தமிழர் குறித்த அவருடைய கருத்து மாறியது. சமயக் கோட்பாடு மாறவில்லை. அவர் எதிர்கொண்ட பெருந்தடைகள் தம் நாட்டு அதிகாரத்திடமிருந்தும் தம்மை அனுப்பியோரிடமிருந்தும் எழுந்தன.

அவர் பழகிக்கொண்டார் என்பதைவிட, அவர் பழக்கப்பட்டார் என்பதே சான்றுகளுக்கு ஏற்புடையது. சீகன்பால்குவை அறிய முற்படும் ஆய்வுகள் அவருடைய நாள்குறிப்பில் புலவருக்கும் எழுத்தருக்கும் ஒதுக்கப்பட்ட மணிநேரங்களையும் கணக்கிற்கொள்ளுதல் வேண்டும். தமிழ் அச்சு வரலாற்றிலும் அகராதி வரலாற்றிலும் காவிரிப் படுகையின் ஆசிரியர்களுக்கு உரிய இடம் அங்கிருந்தே தொடங்குகிறது.